பத்து மாதம் காத்திருந்து வாங்காமல் வந்த வண்டி

கொஞ்சம் நீளமான பதிவு. ஹைப்ரிட் எஸ்யூவி புக் பண்ணிவிட்டுக் காத்திருப்பவர்களும், புக் பண்ணப் போகிறவர்களும் பொறுமையாகப் படியுங்கள். டீலர் பெயரைப் போடப் போவதில்லை. பெயரைச் சொன்னால் அந்த ஒரு கடையை மட்டும் தவிர்த்துவிட்டு, இதே வேலையைச் செய்யும் அடுத்த கடைக்குள் தைரியமாக நுழைவீர்கள்.

2024 மார்ச். பழைய டீசல் வண்டியை இனி ஒப்பேற்ற முடியாது என்று முடிவானது. என் ஓட்டம் முக்கால்வாசி நெரிசலில்தான். நின்று நின்று போகிற பாதைக்கு முழு ஹைப்ரிட் அருமையான பொருள். மெதுவாக ஊரும்போது மோட்டார் தள்ளும், இன்ஜின் அணைந்து கிடக்கும், பிரேக் பிடித்தால் வீணாகிற வேகத்தில் ஒரு பகுதி மின்சாரமாகி பேட்டரிக்குத் திரும்பும். சார்ஜர் தேடி அலையவும் வேண்டாம். இதையெல்லாம் படித்து, பார்த்து, மனதளவில் வண்டியை வாங்கிவிட்ட பிறகுதான் ஷோரூமுக்கே போனேன். அதுவே முதல் தப்பு. முகத்தில் ஆசை எழுதி ஒட்டியிருந்தால் அவர்களுக்கு வேலை சுலபம்.

அங்கே ஹைப்ரிட் டெமோ வண்டி இல்லை. டிஸ்ப்ளேக்கு வந்திருந்த சாம்பல் நிற வண்டி ஒன்றை, "உங்களுக்காக ஸ்பெஷலா சார்" என்று வெளியே எடுத்தார் எக்ஸிக்யூட்டிவ். ஓட்டினேன். ஸ்பீக்கர் எப்படி என்று பார்க்க என் போனை புளூடூத்தில் இணைத்து ஒரு பாட்டும் கேட்டேன். இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளை நிறம், டாப் வேரியன்ட், அட்வான்ஸ் விலையில் பத்தில் ஒரு பங்கு. "பத்துலேர்ந்து பன்னண்டு வாரம் சார், மேக்ஸிமம்." புக்கிங் ஃபார்மில் டெலிவரி தேதி என்ற கட்டம் காலி. சேஸிஸ் நம்பர் (வண்டியின் தனி அடையாள எண்) காலி. கூடவே மூன்று தாள்கள். "கையெழுத்து மட்டும் போடுங்க சார், மிச்சத்த நாங்க ஃபில் பண்ணிக்கிறோம்." போட்டேன். அலுவலகத்தில் ஒரு கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டுக் கையெழுத்திடுகிற ஆள் நான். அன்றைக்கு என்ன பிடித்திருந்ததோ.

பன்னிரண்டாவது வாரம் நானே கூப்பிட்டேன். "சிப் ஷார்ட்டேஜ் சார். உலகம் பூரா." சிப் தட்டுப்பாடு பொய்யில்லை. கொரோனா காலத்தில் ஆரம்பித்தது, 2021 மார்ச்சில் ஜப்பானில் ரெனெசாஸ் நிறுவனத்தின் நாகா ஆலையில் தீப்பிடித்ததும் கார் கம்பெனிகள் இன்னும் தவித்தன. ஆனால் நாங்கள் பேசிக்கொண்டிருந்தது 2024 ஜூனில். மூன்று வருஷத்துக்கு முந்தைய தீயில் இவர் இன்னும் குளிர் காய்ந்துகொண்டிருந்தார்.

ஜூலையில் புது உபாயம். "அதே செக்மென்ட்ல இன்னொரு ஹைப்ரிட் ரெடி ஸ்டாக் இருக்கு சார், நாளைக்கே சாவி." போய்ப் பார்த்தால் மைல்ட் ஹைப்ரிட். பின்கதவில் ஹைப்ரிட் என்று பேட்ஜ் இருந்தது, அது வரைக்கும் உண்மை. மைல்ட் ஹைப்ரிட்டில் இருப்பது சின்ன பேட்டரி, இன்ஜினுக்கு லேசாகக் கைகொடுக்கும் சின்ன மோட்டார். இன்ஜினை அணைத்துவிட்டு மின்சாரத்தில் மட்டும் சக்கரத்தைச் சுழற்ற பொதுவாக அதனால் முடியாது. "இன்ஜின் இல்லாம நகருமா?" என்று கேட்டேன். "ஸ்டார்ட்-ஸ்டாப் இருக்கு சார்" என்றார். கேள்வி ஒன்று, பதில் வேறு. வேண்டாம் என்று வந்துவிட்டேன். இந்த ஒரு இடத்தில் மட்டும் நான் ஏமாறவில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

அதற்கப்புறம் ஆக்சஸரீஸ் பேக்கேஜ் எடுத்தால் வரிசையில் முன்னே போகலாம் என்றார்கள், இன்சூரன்ஸும் லோனும் அவர்களிடமே போட்டால் இன்னும் முன்னே என்றார்கள். சீட் கவருக்கும் ஃபேக்டரி வரிசைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டதற்கு ஒரு சிரிப்பு வந்தது. பதில் வரவில்லை.

அக்டோபரில் என் மச்சான்தான் (தங்கையின் கணவர், ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார்) சரியான கேள்வியைக் கேட்டார். "மச்சான், உங்ககிட்ட இருக்கிறது டீலர் ரசீது நம்பரா, கம்பெனி ஆர்டர் நம்பரா?" இரண்டும் வேறு வேறு என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். ரசீது நம்பர், டீலர் தன் நோட்டில் எழுதிக்கொள்வது. கம்பெனி சிஸ்டத்தில் ஏற்றினால்தான் அது ஆர்டர். தயாரிப்பாளரின் ஹெல்ப்லைனைக் கூப்பிட்டேன். என் போன் நம்பரைத் தட்டிப் பார்த்த பெண் நிதானமாகச் சொன்னார்: "உங்க ஆர்டர் ஆகஸ்ட் 28 அன்னிக்குப் பதிவாகியிருக்கு சார்."

மார்ச்சில் பணம் கட்டியிருக்கிறேன். ஐந்து மாதத்துக்கு மேல் நான் எந்த வரிசையிலும் இல்லை. சிப் தட்டுப்பாடும் இல்லை, ஒன்றும் இல்லை. என் பணம் அவர்கள் கணக்கில் உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான். முன்னால் புக் செய்தவனைத் தாண்டி, கூடுதலாகச் செலவழிக்கிறவனுக்கு வண்டியைத் தள்ளிவிடவும் இது வசதி. கம்பெனி பார்வையில் முன்னால் புக் செய்தவன் என்று ஒருவனே கிடையாதே.

ஷோரூமில் போய்ச் சத்தம் போட்டேன். மேனேஜர் காபி வாங்கிக் கொடுத்தார். "சிஸ்டம் மைக்ரேஷன் சார், தேதி அப்படிக் காட்டும்." அப்போதே ரத்து செய்திருக்க வேண்டும். ஆனால் ஏழு மாதம் காத்திருந்தாயிற்று, இனி வேறு இடத்தில் முதலிலிருந்து ஆரம்பிப்பதா என்ற கணக்கு தலையில் ஓடியது. இந்தக் கணக்குதான் அவர்களின் முதலீடு.

2025 ஜனவரி பாதியில் போன். "கங்க்ராட்ஸ் சார், வண்டி வந்தாச்சு! வெள்ளை இந்த லாட்ல வரல, கிரே வந்திருக்கு. நாளைக்குள்ள ஃபுல் பேமென்ட் போட்டுட்டா உங்களுக்கு, இல்லன்னா நெக்ஸ்ட் கஸ்டமருக்கு." மச்சானிடம் சொன்னேன். "காசு போட்டுட்டீங்களா?" "இல்ல." "போடாதீங்க. வண்டியப் பாத்துட்டுப் பேசிக்கலாம், நானும் வர்றேன்."

பார்க்க விடுவதற்கே அரை நாள் இழுத்தார்கள். பேமென்ட்டுக்குப் பிறகுதான் காட்டுவது வழக்கமாம். சேஸிஸ் நம்பரைக் கண்ணால் பார்க்காமல் பணம் போட மாட்டேன் என்று வாசலிலேயே நின்றதால் யார்டுக்குக் கூட்டிப்போனார்கள்.

நாங்கள் போனபோது ஒரு பையன் பானட்டைத் திறந்து ஜம்ப் ஸ்டார்ட்டர் பெட்டியை மாட்டிக்கொண்டிருந்தான். மச்சான் என்னைப் பார்த்தார். முழு ஹைப்ரிட்டில் இரண்டு பேட்டரி. சக்கரத்தைச் சுழற்றும் பெரியது ஒன்று, சாதாரணக் கார்களில் இருப்பது போன்ற 12 வோல்ட் ஒன்று. சின்னதுதான் கம்ப்யூட்டர்களை எழுப்பி, பெரியதை இணைக்கும் ரிலேயை (ஒரு மின் சுவிட்ச்) மூடுகிறது. அது செத்தால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் வண்டி எழாது. வண்டி கிளம்பத் தயார் என்று காட்டும் ரெடி விளக்கு எரியும்போது மட்டும்தான் பெரியதிலிருந்து சின்னது சார்ஜ் ஆகும். ஆக, ரெடி போடாமல் வாரக்கணக்கில் நிறுத்தி வைத்த வண்டி இப்படித்தான் படுக்கும். பெரிய பேட்டரியும் சும்மா நின்றால் மெல்ல இறங்கும். சில மாதங்களுக்கு ஒருமுறையாவது அரை மணி நேரம் ஓட்டுங்கள் என்று டொயோட்டாவின் ஹைப்ரிட் கையேடுகளிலேயே எழுதியிருக்கிறது. போன வாரம் ஃபேக்டரியிலிருந்து வந்த வண்டிக்கு எதற்கு இந்தப் பெட்டி?

மச்சான் எதுவும் பேசவில்லை. கைக்குட்டையை எடுத்து முன் டயரின் பக்கவாட்டில் பாலிஷ் பூசிய இடத்தைத் துடைத்தார். சின்ன நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம்: 0424. முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருஷம். 2024-ன் நான்காவது வாரம், அதாவது ஜனவரி. வண்டியைவிட டயர் ஒன்றிரண்டு மாதம் பழையதாக இருப்பது சகஜம், அதற்காகச் சண்டை போட வேண்டாம். இது ஒரு வருஷம். நான்கிலும் அதே எண். நீள்வட்டம் சில டயர்களில் உள்பக்கம் இருக்கும், குனிந்து டார்ச் அடித்துத்தான் பார்க்க வேண்டும். சேஸிஸ் நம்பர் என்பது எழுத்தும் எண்ணும் கலந்த 17 இடங்கள், அதில் பத்தாவது, பல தயாரிப்பாளர்களிடம் மாடல் வருஷத்தைக் குறிக்கும். 2024-க்கு ஆர், 2025-க்கு எஸ். இதில் ஆர்.

"யார்டுல டயர் மாத்தியிருப்பாங்க சார்" என்றார் எக்ஸிக்யூட்டிவ். புது டயரைக் கழற்றிப் பழைய டயரை மாட்டுவார்களா என்று மச்சான் கேட்டதற்கு அவர் போனை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

நான் உள்ளே உட்கார்ந்தேன். ஸ்டியரிங்கில் புது பிளாஸ்டிக் உறை, சீட்டில் புது உறை, கால்மிதியில் காகிதம். ஓடோமீட்டர் 412 கிலோமீட்டர். பட்டனை அழுத்தினேன். ரெடி விளக்கு வந்தது. இரண்டு நொடி கழித்து, காலையில் பாதியில் நிறுத்திவிட்டு வந்த செய்தி அறிக்கை என் சட்டைப் பையிலிருந்து கிளம்பி வண்டியின் ஸ்பீக்கரில் ஓட ஆரம்பித்தது. திரையில் என் போனின் பெயர். கீழே, கனெக்டட்.

புது வண்டிக்கு என்னை ஏற்கெனவே தெரிந்திருந்தது.

மார்ச்சில் நான் ஓட்டிப் பார்த்த அதே டிஸ்ப்ளே வண்டி. பத்து மாதம் நான் போன் போட்டுக் கெஞ்சிக்கொண்டிருந்தபோது அது அவர்கள் கூரைக்குக் கீழேதான் நின்றிருக்கிறது. அதைத்தான் முழு விலைக்கு என் தலையில் கட்டப் பார்த்தார்கள். பொய்யைத் துடைக்க டயருக்கு பாலிஷ் போட்டவர்களுக்கு புளூடூத் பட்டியலை அழிக்கத் தோன்றவில்லை.

டிஸ்ப்ளே வண்டி வாங்குவது பாவமில்லை. டிஸ்ப்ளே வண்டி என்று சொல்லி, அதற்குரிய தள்ளுபடி கொடுத்து, வாரண்டி என்றைக்குத் தொடங்குகிறது என்று எழுதிக் கொடுத்தால் நானே யோசித்திருப்பேன். மேனேஜரிடம் இதைச் சொன்னேன். "மாடல் சேம்தானே சார், யூஸ் பண்ணல" என்றார். 412 கிலோமீட்டரை அது தூக்கத்தில் நடந்திருக்கும் போல.

அன்றே ரத்து செய்து எழுத்தில் கொடுத்தேன், அதன் நகலில் சீல் வாங்கினேன். டயர், ஓடோமீட்டர், திரை மூன்றையும் போட்டோ எடுத்தோம். கேன்சலேஷன் சார்ஜ் என்று அட்வான்ஸில் கால்வாசியைப் பிடித்துக்கொண்டுதான் தருவோம் என்றார்கள். ஃபார்மின் பின்பக்கம் பொடி எழுத்தில் அப்படித்தான் இருக்கிறதாம், "டெலிவரி நாளில் உள்ள விலையே செல்லும்" என்பதற்கு அடுத்த வரியில். படிக்காமல் கையெழுத்துப் போட்டவன் நான், அதனால் மூன்று வாரம் இழுபறி.

பிப்ரவரியில் தயாரிப்பாளர் தரப்பிலிருந்து ஒரு போன். குரலில் அவ்வளவு சந்தோஷம். "டிசம்பர் 30 அன்னிக்கு டெலிவரி எடுத்திருக்கீங்க. வண்டி எப்படி இருக்கு சார்? ஷோரூம் அனுபவத்துக்குப் பத்துக்கு எத்தனை மார்க் குடுப்பீங்க?"

வருஷக் கடைசி டார்கெட்டுக்காக, நான் வண்டியைப் பார்ப்பதற்கு இரண்டு வாரம் முன்பே அதை என் பெயரில் விற்றதாகக் கம்பெனி சிஸ்டத்தில் காட்டிவிட்டார்கள். அந்த மூன்று தாள்கள் எதற்கு என்று அப்போது புரிந்தது. நான் மார்க் கொடுக்கவில்லை, நடந்ததைச் சொன்னேன். அழைப்பு எண்ணையும் தேதியையும் வாங்கிக்கொண்டு, இதைப் புகாராகப் பதியுங்கள் என்றேன். மூன்றாம் நாள் அட்வான்ஸ் முழுவதும் கணக்கில் வந்து விழுந்தது, பிடித்தம் எதுவும் இல்லாமல். மேனேஜர் கூப்பிட்டு, புகாரை வாபஸ் வாங்க முடியுமா என்று மட்டும் கேட்டார்.

வாங்கவில்லை. ஆனால் அந்தப் பதிவைத் திருத்திவிட்டார்களா என்று இன்றுவரை எனக்கு யாரும் சொல்லவில்லை. திருத்தவில்லை என்றால் அந்த வண்டிக்கும் பேட்டரிக்கும் வாரண்டி 2024 டிசம்பர் 30 முதல் ஓடிக்கொண்டிருக்கிறது, முதல் சொந்தக்காரர் என்று என் பெயரும் நிற்கிறது. வண்டியை எப்படியும் யாருக்காவது கொடுத்துவிடுவார்கள்.

சாம்பல் நிறம், டாப் வேரியன்ட், நான்கு டயரிலும் 0424. உங்களுக்கு வந்தால், பணம் போடும் முன் ரெடி போட்டு புளூடூத் பட்டியலைத் திறந்து பாருங்கள். என் போனை அதிலிருந்து நான் அழிக்கவில்லை.