தோஹாவுல பெட்டி கட்டுறவங்க கவனத்துக்கு: 35,300 ரூபாய் போச்சு

2022 வேர்ல்ட் கப் வேலை முடிஞ்சு கத்தாரை விட்டுக் கிளம்பினவங்கள்ல நானும் ஒருத்தன். இனி அங்க இருந்து பெட்டி கட்டுற நம்ம ஆளுங்களுக்காகத்தான் இதை எழுதுறேன். டோர் டு டோர் கார்கோவுல (ரூம்ல வந்து எடுத்து, ஊர்ல வீட்டுக்கே கொண்டுவந்து தர்றது) மூணு பெட்டி கொடுத்தது 2023 ஜனவரி 5. மார்ச் 19 வரைக்கும் பார்த்தாச்சு. வந்தது ஒரே ஒரு பெட்டி, அதுவும் பாதி காலி. கடைசில பேக்கிங், பில், கஸ்டம்ஸ் எல்லாத்தையும் வரிசையா சொல்றேன். முதல்ல எப்படி ஏமாத்துறானுங்கன்னு பாருங்க.

டிசம்பர் 18 லுசைல்ல ஃபைனல். மெஸ்ஸி கோப்பையைத் தூக்கி ரெண்டு வாரம்கூட ஆகல, ரூம் காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ். டிக்கெட்ல 30 கிலோதான். ரெண்டு வருஷத்துக்கு மேல சேர்த்த கம்பளி, நிடோ பால் பவுடர், டாங் ஜூஸ் பவுடர், கோடாலித் தைலம், பிள்ளைங்க சாமான், ஒரு 43 இஞ்ச் டிவி, இதெல்லாம் 30 கிலோவுல அடங்குமா? கேம்ப் மொத்தமும் ஒரே வாரத்துல காலியாகுற நேரம் பார்த்துத்தான் கார்கோ பசங்க ரூம் ரூமா வருவானுங்க. கடை எதுன்னு சொல்லல. இண்டஸ்ட்ரியல் ஏரியா பக்கம் இருக்குற, தமிழ் போர்டு வச்ச ஒரு சின்னக் கார்கோ ஆபீஸ், அவ்வளவுதான்.

வந்தவன் நம்ம ஊர்ப் பேச்சு. அன்னைக்கு ரூம்ல கடைசிச் சாப்பாடு, பிரியாணி. நேபாளிப் பசங்க, கேரளாக்காரங்க எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். அவனும் கூடவே உட்கார்ந்து சாப்பிட்டான். அட்டைப் பெட்டிய அவனே பிரிச்சு, அடியில ரெண்டு சுத்து டேப் ஒட்டி, கயித்துல கைப்பிடி போட்டு, மார்க்கர்ல பேரு, ஊரு, பின்கோடு எல்லாம் மூணு பக்கமும் அழகா எழுதினான். "காசு பெட்டி ஊர் சேர்ந்தப்புறம் குடுத்தாலும் சரிண்ணே"ன்னான். அந்த ஒரு வார்த்தைதான். மறுநாள் காலைல வண்டியில ஏத்துறப்போ, "ஓனர் ஒத்துக்கலண்ணே"ன்னு முழுசா வாங்கிட்டான். ஏர்போர்ட்டுக்குப் பஸ் நிக்குது, எவன் பெட்டிய இறக்கச் சொல்லுவான்?

இப்போ எடைக் கணக்கு. கடல் கார்கோ, கிலோ 7 ரியால். முதல் பெட்டி 41 கிலோ, ரெண்டாவது 32. டிவி அட்டையோட 11 கிலோதான் இருந்திருக்கும், ஆனா பில்லுல 23. கேட்டா "வால்யூம் வெயிட்", அதாவது பெட்டியோட நீள அகல உயரத்தை வச்சுப் போடுற எடை. 110, 70, 18 சென்டிமீட்டர், மூணையும் பெருக்கி 6000-ஆல வகுத்தா 23.1 வருது, கணக்கு சரிதான். ஆனா அது விமானக் கார்கோ கணக்கு! கடல்ல போறதுக்குத் தராசு எடை, இல்லன்னா கன மீட்டர். கடல் ரேட்டுன்னு ஆசை காட்டிட்டு ஆகாயக் கணக்குல எடை போட்டிருக்கான். 96 கிலோவுக்கு 672 ரியால், பேக்கிங் 75, ஆக 747. நம்ம காசுக்குக் கிட்டத்தட்ட 16,800 ரூபாய்.

அதைவிடப் பெரிய வேலை இது: "லிஸ்ட் எல்லாம் வேணாம்ணே, பழைய துணின்னு போட்டுக்கலாம், டியூட்டி வராது"ன்னான். பழைய துணின்னு எழுதின பெட்டிக்குள்ள டிவி இருந்துச்சுன்னு எங்க போய்ச் சொல்றது? கஸ்டம்ஸ் பிடிச்சா பொய்க் கணக்கு நம்ம தலையில. காணாமப் போனா துணிக்கு உண்டான நஷ்ட ஈடுகூடக் கிடைக்காது. கையில கொடுத்தது "கார்கோ நம்பர் 412"ன்னு எழுதின ஒரு சீட்டு. அது அவன் கடை நோட்டு வரிசை எண், வேற ஒண்ணும் இல்ல. பில் ஆஃப் லேடிங் (கப்பல்ல சரக்கு ஏத்தினதுக்கான ரசீது) நம்பர், கண்டெய்னர் நம்பர் (நாலு எழுத்து, ஏழு இலக்கம்) ரெண்டும் இல்லாம கப்பல்ல போற பெட்டிய நம்மளால தேடவே முடியாது.

பிப்ரவரி 20, சென்னை ஏஜென்ட்னு ஒரு போன். "கஸ்டம்ஸ்ல டியூட்டி 18,500 போட்டிருக்காங்க, இப்பவே ஜிபே பண்ணுங்க, நாளைக்கே வண்டி." பண்ணியாச்சு. 16,800-ம் 18,500-ம் சேர்த்து 35,300 ரூபாய். அப்புறம்தான் விசாரிச்சேன். அப்போ இருந்த பேகேஜ் ரூல்ஸ் 2016 படி, ரெண்டு வருஷத்துக்கு மேல வெளிநாட்டுல இருந்துட்டு ஒரேயடியாத் திரும்புறவங்களுக்கு 5 லட்சம் வரைக்கும் வீட்டுச் சாமானுக்கு டியூட்டிச் சலுகை இருந்துச்சு (நிபந்தனையும் இருந்துச்சு). தட்டை டிவி மட்டும் அதுல வரல, அதுக்கு 38.5 சதவீதம் டியூட்டி. 900 ரியால் டிவிக்கு 8,000 ரூபாய்கூட வராது. 18,500 எங்க இருந்து வந்துச்சு? இன்னொண்ணு, அந்தச் சலுகை உங்க பாஸ்போர்ட்ல, உங்க பேர்ல பெட்டி போனாத்தான். இவனுங்க பத்து பேர் பெட்டிய யாரோ ஒருத்தன் பாஸ்போர்ட்ல சேர்த்து விடுறானுங்க.

அதுக்கப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். முதல் வாரம் "கண்டெய்னர் நவா ஷேவாவுல (மும்பை பக்கம்) இருக்கு". அடுத்த வாரம் தூத்துக்குடி. அதுக்கடுத்து குஜராத்ல முந்த்ரா. ஒரே கண்டெய்னர் மூணு துறைமுகத்துல! தோஹா நம்பருக்கு அடிச்சா "அவரு லீவுல ஊருக்குப் போயிட்டாரு". வாட்ஸ்அப்ல ப்ளூ டிக் மட்டும் விழும். மார்ச் 14 ஒரு பெட்டி வந்துச்சு. ரேஷன் கடைத் தராசுல போட்டேன், 24 கிலோ. 41 போட்ட பெட்டி அது. அடியில டேப் புதுசு.

வரிசையா சொல்றேன்னு சொன்னேன். மணி ரெண்டாகுது, கோபத்துல கையே ஓட மாட்டேங்குது, அதனால சுருக்கமா:

பெட்டிக்குள்ள வைக்கிற ஒவ்வொண்ணையும் போட்டோ எடுத்து, லிஸ்ட் எழுதி, கடைக்காரன் கையெழுத்து வாங்குங்க. பில்லுல கடையோட சிஆர் நம்பர் (கடையோட அரசுப் பதிவு எண்) இருக்கான்னு பாருங்க, இல்லன்னா கத்தார்ல புகார் கொடுக்குறது கஷ்டம். பாதிக் காசுக்கு மேல முன்னாடி கொடுக்காதீங்க. கஸ்டம்ஸ் எவன் ஜிபேவுலயும் டியூட்டி வாங்காது, ரசீதுல உங்க பாஸ்போர்ட் நம்பர் இருக்கும். ஏமாந்து காசு அனுப்பிட்டா உடனே 1930-க்கு (சைபர் மோசடி புகார் நம்பர்) அடிங்க, நான் மூணு வாரம் கழிச்சு அடிச்சேன். டிவி வேணாம், ஊர்லயே வாங்கிக்கலாம்.

என் சீட்டு நம்பர் 412. இதே மாதிரி சீட்டுல 411-ஓ 413-ஓ யார்கிட்டயாவது இருந்தா, உங்களுக்கு எந்தத் துறைமுகம்னு சொன்னானுங்கன்னு மட்டும் சொல்லுங்க.