முதன்மை இடமா, முறையிடும் இடமா?

கொழும்பில் தமிழர் நாலு பேர் கூடி அரசியலமைப்பைப் பற்றிப் பேசத் தொடங்கினால், பேச்சு எப்படியும் ஒன்பதாம் உறுப்புரையில் வந்து நிற்கும். இடம் வெள்ளவத்தையில் ஒரு நூல் வெளியீடாக இருக்கலாம், கொட்டாஞ்சேனையில் ஒரு செத்த வீடாகவும் இருக்கலாம். பௌத்தத்துக்கு முதன்மை இடம் என்று எழுதியிருக்கும் வரை மற்ற மதத்தவருக்கு விமோசனம் இல்லை என்பார் ஒருவர். இந்தியாவைப் போல மதச்சார்பற்ற நாடு என்று எழுதிவிட்டால் போதும் என்பார் அடுத்தவர். பிள்ளைகள் பாரிஸில் இருப்பவர் பிரான்ஸைப் புகழ்வார். சிங்கப்பூர் போய்வந்தவரோ, அங்கே மதத்தைப் பற்றி யாரும் கண்டபடி வாய் திறக்க முடியாது என்பதையே பெரிய பாராட்டாகச் சொல்வார்.

இந்த நான்கையும், கூடவே மலேசியாவையும், அடுத்தடுத்து வைத்துப் பார்க்க விரும்புகிறேன். நான் வைக்கும் அளவுகோல் ஒன்றுதான்: மதத்தின் பேரால் அரசு ஒருவருக்கு அநியாயம் செய்தால், அவர் எந்தக் கதவைத் தட்டலாம், அது திறக்குமா?

முதலில் நம்முடையது. 1978 அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் தருகிறது. பௌத்த சாசனத்தைப் பேணி வளர்ப்பது அரசின் கடமை என்கிறது. 10ஆம் உறுப்புரையும் 14(1)(உ)வும் தரும் உரிமைகளை எல்லா மதங்களுக்கும் உறுதிசெய்கிறது. திட்டுகிறவர்களும் போற்றுகிறவர்களும் பெரும்பாலும் இதன் முதல் பாதியோடு நின்றுவிடுகிறார்கள். அடுத்து வரும் 10ஆம் உறுப்புரையோ உண்மையில் அசாத்தியமான வாசகம். சிந்தனை, மனச்சாட்சி, மதம் ஆகியவற்றின் சுதந்திரத்தையும், விரும்பிய மதத்தை ஏற்கும் சுதந்திரத்தையும் பிரசைகளுக்கு மட்டுமல்ல, ஆள் ஒவ்வொருவருக்கும் அது கொடுக்கிறது. பேச்சுரிமை போன்றவற்றைச் சுற்றி 15ஆம் உறுப்புரை போடும் மட்டுப்பாடு எதுவும் இதற்கு இல்லை. இதை மாற்ற மூன்றிலிரண்டு பெரும்பான்மையோடு சர்வஜன வாக்கெடுப்பும் தேவை. இந்தியாவின் 25ஆம் உறுப்புரைகூட பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் என்ற நிபந்தனைகளோடுதான் வாயைத் திறக்கிறது.

அப்படியானால் குறை எங்கே? 2003இல் ஹோலி குரொஸ் கன்னியாஸ்திரிகள் சபையொன்றைச் சட்டபூர்வமாகக் கூட்டிணைக்கும் சட்டமூலம் நாட்டின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றத்துக்குப் போனது. மதத்தைப் போதிக்க உரிமை உண்டு, பரப்புவதற்கு அடிப்படை உரிமை இல்லை என்று நீதிமன்றம் சொன்னது. சட்டமூலம் 9ஆம் உறுப்புரைக்கும் 10ஆம் உறுப்புரைக்கும் முரண் என்றும் தீர்மானித்தது. கன்னியாஸ்திரிகள் ஜெனீவாவுக்குப் போனார்கள். அவர்களுடைய மத சுதந்திரமும் சமத்துவ உரிமையும் மீறப்பட்டன என்று ஐ.நா. மனித உரிமைகள் குழு 2005இல் கூறியது. அடுத்த ஆண்டே, சிங்கராசா என்ற தமிழ்க் கைதியின் வழக்கில், அந்தக் குழுவிடம் முறையிட வழிசெய்த உடன்படிக்கையில் இலங்கை சேர்ந்ததே அரசியலமைப்புக்கு ஒவ்வாதது என்று நம் உயர் நீதிமன்றம் தீர்த்தது. ஜெனீவாக் கதவு திறந்தது. திறந்த கையோடு இங்கிருந்து தாழ்ப்பாள் போடப்பட்டது.

இந்த இடத்தில் 9ஆம் உறுப்புரை நேரடியாகவே வேலை செய்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் அண்மைக்காலத்தின் மிகப் பெரிய காயத்தைப் பாருங்கள். 2020 ஏப்ரலில் வந்த ஒரு சுகாதார வர்த்தமானி, கொவிட்டால் இறந்த எல்லோரையும் தகனம் செய்யவே வேண்டும் என்றது. அடக்கம் செய்வதில் ஆபத்தில்லை என உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் இருந்தும் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் கொடுத்த அடிப்படை உரிமை மனுக்களை, 2020 டிசம்பர் 1ஆம் தேதி, காரணம் எதுவும் சொல்லாமல், விசாரணைக்கே எடுக்காமல் பெரும்பான்மை முடிவால் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2021 பெப்ரவரியில்தான் அடக்கத்துக்கு அனுமதி வந்தது. அதுவும் கிழக்கிலுள்ள ஓட்டமாவடி வரை கொண்டுபோய்ப் புதைக்க வேண்டும் என்று. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. இந்தக் கதை முழுவதிலும் ஒன்பதாம் உறுப்புரையை யாரும் எடுத்துக் காட்டத் தேவையிருக்கவில்லை. ஒரு வர்த்தமானி போதுமாக இருந்தது. மதச்சார்பற்ற குடியரசு என்று முகப்பில் எழுதியிருந்தாலும் அதே வர்த்தமானி வந்திருக்கும்.

பழைய தலைமுறை ஒரு தீர்வு வைத்திருக்கும்: சுதந்திரத்தின்போது நாட்டுக்கு இருந்த சோல்பரி அரசியலமைப்பின் 29(2). எந்த மதத்துக்கும் முதலிடம் இல்லை. ஒரு சமூகத்தையோ மதத்தையோ குறிவைத்துச் சட்டம் இயற்றப் பாராளுமன்றத்துக்கு அதிகாரமும் இல்லை. கேட்க இனிக்கும். ஆனால் மலையகத் தமிழரின் பிரசாவுரிமையும் வாக்குரிமையும் பறிபோனது இந்தப் பிரிவு உயிரோடு இருந்தபோதுதான். கொடக்கன்பிள்ளை வழக்கில், அந்தச் சட்டங்கள் 29(2)ஐ மீறவில்லை என்று 1953இல், அன்றைய கடைசி மேன்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சிலே சொல்லிவிட்டது. வாசகம் நல்லது, காப்பாற்ற வேண்டிய நேரத்தில் காப்பாற்றவில்லை. 1972இல் புதிய அரசியலமைப்பு வந்து அது போனபோது அழுதவர்கள், 1953ஐ மறந்துவிட்டு அழுதார்கள் என்பது என் எண்ணம்.

இந்தியாவோடு

இந்தியாவைப் பற்றி நம்மவர்கள் வைத்திருக்கும் படம் கொஞ்சம் பளபளப்பானது. அங்கே 25ஆம் உறுப்புரையில் பரப்பும் உரிமை வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் 1977இல் ஸ்டெயின்ஸ்லாஸ் வழக்கில், பரப்பும் உரிமைக்குள் இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அடங்காது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒடிசா 1967இலேயே மதமாற்றத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. அதன்பின் பல மாநிலங்கள் தொடர்ந்தன. இலங்கையில் 2004இல் பௌத்த பிக்குகள் தலைமையிலான ஜாதிக ஹெல உறுமய கட்சி கொண்டுவந்த அதே வகைச் சட்டமூலமோ, உயர் நீதிமன்றத்தில் இரண்டு பிரிவுகளில் அடிபட்டு, கடைசியில் சட்டமாகவே இல்லை. மதமாற்றத் தடைச் சட்டம் இல்லாத நாடு முதன்மை மதம் உள்ள இலங்கை. அது இருப்பது மதச்சார்பற்ற இந்தியாவில். வெள்ளவத்தைக் கூட்டங்களில் இதைச் சொன்னால் ஒரு நிமிடம் மௌனம் நிலவும்.

இன்னொன்று: இந்திய மாநிலங்கள் சிலவற்றில் கோயில் நிர்வாகமே அரசின் கையில். தமிழ்நாட்டில் 1959ஆம் ஆண்டு அறநிலையத்துறைச் சட்டம் அதைச் செய்கிறது. செட்டியார் தெருக் கதிரேசன் கோயில்களையோ கப்பித்தாவத்தைக் கைலாசநாதரையோ ஒரு திணைக்களத்திடம் ஒப்படைக்கக் கொழும்பு இந்துக்கள் சம்மதிப்பார்களா? அறங்காவலர் சண்டை எவ்வளவு நாறினாலும் சம்மதிக்க மாட்டார்கள். ஒரு வழக்கம் மதத்துக்கு அத்தியாவசியமா இல்லையா என்று தீர்மானிக்கும் வேலையையும் அங்கே நீதிபதிகள் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். 1954 சிரூர் மட வழக்கிலிருந்து வரும் வினை அது.

இவ்வளவு சொன்ன பிறகும் என் அளவுகோலில் இந்தியா முன்னால் நிற்கிறது. காரணம் 13ஆம் உறுப்புரை. சட்டம் எப்போது இயற்றப்பட்டிருந்தாலும், அடிப்படை உரிமைக்கு முரணாக இருந்தால் நீதிமன்றம் அதை வெட்டலாம். இமாச்சலப் பிரதேசத்தின் 2006 மதமாற்றத் தடைச் சட்டம், மதம் மாற விரும்புகிறவர் முன்கூட்டியே அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும் என்றது. அந்தப் பிரிவை அம்மாநில உயர் நீதிமன்றம் 2012இல் ரத்துச் செய்தது. ஆறு வருடம் கழித்து! குஜராத்தின் 2021 திருத்தச் சட்டத்தின் பல பிரிவுகள் அதே ஆண்டு ஓகஸ்டில் இடைக்காலமாக நிறுத்திவைக்கப்பட்டன. தேசிய கீதத்துக்கு எழுந்து நின்றும் பாடாமல் இருந்ததற்காகப் பாடசாலையிலிருந்து விலக்கப்பட்ட மூன்று பிள்ளைகளை, 1986இல் உச்ச நீதிமன்றம் திரும்பச் சேர்க்க வைத்தது. யெகோவாவின் சாட்சிகள் என்ற சிறு பிரிவைச் சேர்ந்த கேரளப் பிள்ளைகள் அவர்கள். அதே பிரிவின் பதிவைச் சிங்கப்பூர் 1972இலேயே ரத்துச் செய்துவிட்டது. இராணுவ சேவைக்கு மறுக்கிறார்கள் என்பதுதான் காரணம்.

பிரான்ஸ் பற்றிச் சுருக்கமாக

1905ஆம் ஆண்டுச் சட்டம் எந்த மதத்தையும் அரசு அங்கீகரிப்பதில்லை, எந்த மதத்துக்கும் சம்பளம் கொடுப்பதில்லை என்கிறது. ஆனால் அப்போது ஜெர்மனியின் கையிலிருந்த அல்சாஸ்-மோசெல் பகுதியில் பாதிரிமாருக்கும் ரபிமாருக்கும் இன்றும் அரசுதான் சம்பளம் கொடுக்கிறது. 2013இல் அரசியலமைப்பு மன்றமே அதைச் சரி என்றது. தூய்மை பேசும் நாட்டிலும் ஒரு கொல்லைப்புறம் இருக்கிறது. 2004இல் அரச பாடசாலைகளில் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் மத அடையாளங்களுக்குத் தடை, 2010இல் பொது இடங்களில் முகத்தை மூடத் தடை என்று பிறகு வந்த சட்டங்கள் விலகி நிற்கும் அரசின் சட்டங்களாக எனக்குத் தெரியவில்லை. பாரிஸில் தமிழர் கூடும் லா சப்பல் தெருக்களில் மாணிக்க விநாயகர் தேர் ஆண்டுதோறும் ஓடுகிறது. அதைப் பார்த்து மனம் நிறைந்து வருகிறவர்கள், அந்தத் தெருவிலுள்ள அரச பாடசாலைக்குள் ஒரு முஸ்லிம் மாணவி முக்காட்டோடு போக முடியாது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். எங்களுக்கு அது வலிக்கவில்லை என்பது வாதமாகாது. 2018இல் திருகோணமலைத் தமிழ்ப் பாடசாலையொன்றில் முஸ்லிம் ஆசிரியைகளின் அபாயாவுக்கு எதிராகக் கொடி பிடித்தவர்கள் நம்மவர்கள்தான்.

மலேசியாவும் சிங்கப்பூரும்

மலேசியாவை நம்முடையதோடு ஒப்பிடுவதுதான் உண்மையில் பொருத்தம். அங்கும் ஒரு மதத்துக்குத் தனியிடம்: 3ஆம் உறுப்புரையின்படி இஸ்லாம் கூட்டரசின் மதம். 11ஆம் உறுப்புரை பரப்பும் உரிமையை எழுத்திலேயே தருகிறது. கையோடு, முஸ்லிம்களிடையே பிற மதங்களைப் பரப்புவதைச் சட்டத்தால் தடுக்கலாம் என்கிறது. 2007இல் லீனா ஜோய் என்ற பெண், தன் அடையாள அட்டையிலிருந்து இஸ்லாம் என்ற சொல்லை நீக்கக் கேட்டுக் கூட்டரசு நீதிமன்றத்தில் தோற்றார். ஷரியா நீதிமன்றச் சான்று வேண்டுமாம். தமிழர்களுக்கு நெருக்கமானது இந்திரா காந்தி வழக்கு. இஸ்லாத்துக்கு மாறிய கணவர், 2009இல் மூன்று பிள்ளைகளையும் தாய்க்குத் தெரியாமல் மதம் மாற்றினார். பதினொரு மாதக் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டும் போனார். இரு பெற்றோரின் சம்மதமும் இல்லாத அந்த மதமாற்றம் செல்லாது என்று 2018 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. தாய் வென்றார். ஆனால் தீர்ப்புக்குப் பிறகும் பல ஆண்டுகளாக அந்தக் குழந்தை தாயிடம் வந்து சேரவில்லை. கதவு திறந்தும் ஆள் உள்ளே போக முடியாத நிலை இது.

மதம் மாறுவதில் இலங்கை, மலேசியாவைவிட எவ்வளவோ மேல். இங்கே யாரும் எந்த நீதிமன்றத்திடமும் சான்று கேட்டு நிற்பதில்லை.

சிங்கப்பூரைப் பொறுத்தவரை, புகழ்பவர்கள் தைப்பூசத்தைக் கேட்டுப் பார்க்கட்டும். 1968இல் அது பொது விடுமுறைப் பட்டியலிலிருந்து போனது. 1973இல் ஊர்வலத்தில் மேளம் வாசிப்பதும் தடைசெய்யப்பட்டது. பல பதிற்றாண்டுகளுக்குப் பிறகே சிறிது தளர்த்தினார்கள். 1990ஆம் ஆண்டு மத நல்லிணக்கச் சட்டத்தின் கீழ் ஒரு மதபோதகரின் வாயை அமைச்சர் கட்டிப்போடலாம். பல பதிற்றாண்டுகளாக மதக் கலவரம் நடக்காத நாடுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காலி வீதியில் ஆடிவேல் தேர் நாதஸ்வரம் இல்லாமல் போவதை நினைத்துப் பாருங்கள். கொழும்பில் தைப்பொங்கல், சிவராத்திரி, தீபாவளி, ரமழான், பெரிய வெள்ளி, நத்தார் எல்லாவற்றுக்கும் அரசு விடுமுறை தருகிறது. பண்டிகை கொண்டாட நான் கொழும்பைத்தான் தேர்ந்தெடுப்பேன். வழக்குப் போடுவதற்குத்தான் மாட்டேன்.

எண்பதாம் உறுப்புரை

இலங்கையில் சட்டமூலம் ஒன்று பாராளுமன்றத்துக்கு வந்தவுடன், குறுகிய கால அவகாசத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்கு ஓட வேண்டும். சபாநாயகர் சான்றுரைத்து அது சட்டமாகிவிட்டால், 80(3)ஆம் உறுப்புரையின்படி எந்த நீதிமன்றமும் எந்தக் காரணத்தாலும் அதைக் கேள்வி கேட்க முடியாது. இமாச்சலத்தில் நடந்தது இங்கே நடக்கவே நடக்காது. 16ஆம் உறுப்புரையோ 1978க்கு முந்திய சட்டங்களை, அவை அடிப்படை உரிமைக்கு முரணாக இருந்தாலும், செல்லுபடியாக வைத்திருக்கிறது. எஞ்சியிருப்பது 126ஆம் உறுப்புரை தரும் அடிப்படை உரிமை மனு: நிறைவேற்று, நிர்வாகச் செயல்களுக்கு எதிராக மட்டும், ஒரு மாதத்துக்குள், கொழும்பிலுள்ள உயர் நீதிமன்றத்தில். அம்பாறையில் ஒரு ஜெபவீட்டைப் பொலிஸ் மூடினால், அந்தப் போதகர் முப்பது நாளுக்குள் சட்டத்தரணி பிடித்து, அந்த நீதிமன்றம் இருக்கும் புதுக்கடைக்கு வந்தாக வேண்டும். புதிய வழிபாட்டிடங்களுக்கு முன் அனுமதி கேட்ட 2008ஆம் ஆண்டுச் சுற்றுநிருபத்தை, முன்பே இயங்கிவந்த சிறு சபைகள் மீதும் அதிகாரிகள் பிரயோகித்தபோது நடந்தது இதுதான்.

16ஐ நீக்கச் சொன்னால் நம் பக்கத்திலேயே எதிர்ப்பு வரும் என்பதும் தெரியும். 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தைக் காத்து நிற்கும் கவசம் அது; பெண்கள் காதியாக, அதாவது முஸ்லிம் விவாக வழக்குகளை விசாரிக்கும் நீதிபதியாக, முடியாது என்ற விதியும் அந்தக் கவசத்துக்குள்தான் இருக்கிறது. முஸ்லிம் பெண்கள் பல ஆண்டுகளாகப் போராடுவது அதை உடைக்க. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கும் அதே கவசம். மத சுதந்திரம் வேண்டும், ஆனால் எங்கள் வீட்டுச் சட்டத்தை நீதிமன்றம் தொடக் கூடாது என்கிறவர்கள், 9ஐப் பாதுகாப்பவர்களோடு எந்த வகையில் வேறுபடுகிறார்கள் என்பதை விளக்க வேண்டும்.

இனிக் கணக்கு. 2012 குடிசன மதிப்பீட்டின்படி நாட்டில் பௌத்தர் சுமார் 70 சதவீதம். 9ஐ மாற்றச் சர்வஜன வாக்கெடுப்பு வேண்டும். அதில் வெல்வோம் என்று நம்புகிறவர் யாரையும் நான் சந்தித்ததில்லை. புதிய அரசியலமைப்புக்கான 2017 இடைக்கால அறிக்கையேகூட முதன்மை இடத்தை வைத்துக்கொண்டு, பின்பாதி வாசகத்தை மட்டும் மாற்ற மாற்று யோசனை தந்தது. ஆனால் வாக்கெடுப்புக் கட்டாயமான பிரிவுகளை அடுக்கும் 83ஆம் உறுப்புரைப் பட்டியலில் 80 இல்லை, 16 இல்லை, 126உம் இல்லை. அடுத்த முறை அரசியலமைப்புப் பேச்சுக்கு நம் கட்சிகள் போகும்போது, ஒன்பதாம் உறுப்புரைக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியை இந்த மூன்றுக்கும் கொடுக்கட்டும். முதலில் கேட்க வேண்டியது, அந்த ஒரு மாதக் கெடுவை நீட்டுவதும், மனுவைத் தள்ளினால் காரணம் எழுதியாக வேண்டும் என்ற விதியும்.