பேசில் குடிலில் இரவு முழுக்கச் சிவப்பு விளக்கு: நெடுநாள் பயன்பாட்டில் தெரிந்தவை

பினாங்கில், பாலேக் பூலாவ் பக்கம் நெகிழித்தாள் கூரைக்கடியில் சுவீட் பேசில் (துளசி இனத்து மணச்செடி) வளர்ப்பவர்களுக்குப் பெரிய தலைவலி அடிச்சாம்பல் நோய். இலையின் மேற்புறம் நரம்புகளுக்கிடையே வெளிர்மஞ்சள் ஓடும். திருப்பிப் பார்த்தால் சாம்பலும் ஊதாவும் கலந்த தூசி படிந்திருக்கும். அந்தத் தூசி முழுவதும் வித்து, அதாவது நோயைப் பரப்பும் நுண்துகள். இலை ஈரமாக இருந்து, குறைந்தது ஏழரை மணி நேரம் இருட்டும் கிடைத்தால்தான் இந்தக் கிருமி வித்து விடும். இங்கே ஆண்டு முழுக்க இரவு ஏறத்தாழ 12 மணி நேரம், விடியும்வரை பனி ஈரம் வேறு. கிருமிக்கு இதைவிட வசதி வேண்டாம்.

அந்த இருட்டை எடுத்துவிடுவதுதான் இந்த விளக்கின் வேலை. இஸ்ரேலின் பார் இலான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, சதுர மீட்டருக்கு நொடிக்கு 3.5 முதல் 6 மைக்ரோமோல் (செடிமேல் விழும் ஒளியை அளக்கும் அலகு) வரையிலான மங்கல் ஒளியே இரவு முழுக்க எரிந்தால் வித்து உருவாவதைத் தடுத்துவிடுகிறது. நிறங்களில் 625 நானோமீட்டர் அலைநீளச் சிவப்பு எல்லாவற்றையும்விட நன்றாக வேலை செய்கிறது. 10 டிகிரிக் குளிரில் முழுப் பலன் இல்லை, 15 முதல் 27 டிகிரி வரை முழுப் பலன். நம்மூர் இரவுச் சூட்டுக்கு இது பொருத்தமான வழி.

கடையில் செடி விளக்கு என்று கேட்டால் பெரும்பாலும் 660 நானோமீட்டர் சிவப்பும் நீலமும் கலந்ததைத்தான் கொடுப்பார்கள். இந்த வேலைக்கு 620-630 சிவப்பு குழல்விளக்கே போதும். இலை மட்டத்தில் 10 மைக்ரோமோல் கிடைக்கும்படி மாட்டுங்கள். 100 சதுர மீட்டர் குடிலுக்கு ஏறத்தாழ 500 வாட் பிடிக்கும். 12 மணி நேரத்துக்கு 6 யூனிட். பொழுது சாய்வதற்கு அரை மணி நேரம் முன்பே டைமர் போடட்டும். நடுவில் சில மணி நேரம் அணைத்து மிச்சம் பிடிக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள்: இருட்டு நீண்டால் விளக்குப் போட்டதே வீண்.

பலர் ஏமாறும் இடம் நிழல். ஒளி விழுந்த இலைப்பகுதி மட்டும்தான் தப்பும். அதே செடியில், ஏன் அதே இலையில்கூட, நிழலில் இருக்கும் பகுதி வித்து விடும். அடர்த்தியாக நட்டால் மேல் இலை பளிச்சென்று இருக்க, அடி இலைகள் தூசி கொட்டிக்கொண்டிருக்கும். செடிக்குச் செடி 20-25 சென்டிமீட்டர் விடுங்கள், தரையில் வெள்ளை விரிப்புப் போடுங்கள், விளக்கு வரிசைகளைப் பாத்திகளுக்கு இடையிலும் ஓட்டுங்கள். இலை முழுக்க ஒளி விழாதவரை எத்தனை வாட் போட்டாலும் கணக்கில் வராது.

விளக்கு நோயைக் குணமாக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஏற்கெனவே தொற்றிய இலை தொற்றியதுதான். பரவல் மட்டுமே நிற்கும். சந்தேகமான இலையைப் பறித்து, ஈரத் தாளோடு நெகிழிப் பையில் போட்டு, இரவு அலமாரிக்குள் வையுங்கள். காலையில் அடிப்புறம் தூசி தட்டினால் அந்த வரிசையைப் பிடுங்கிப் பையில் கட்டி அகற்றுங்கள். நாற்றங்காலிலிருந்தே விளக்கு எரிய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மற்ற நுண்ணுயிர்கள் எல்லாம் இப்படியே நடப்பதில்லை. நோய்க்கிருமியை அடக்கத் தெளிக்கும் நல்ல பூஞ்சையான டிரைக்கோடெர்மாவை நீல ஒளியும் புறஊதாவுக்கு நெருங்கிய ஒளியும் வித்து விடத் தூண்டும், வெயிலின் புறஊதாவோ தெளித்த உயிரிகளைக் கொல்லும். ஆகவே டிரைக்கோடெர்மா, பேசில்லஸ் (இது நன்மை செய்யும் பாக்டீரியா) தெளிப்பை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை விளக்கை வளர்ச்சிக்காகக் கூடுதலாகப் போடுபவர்கள் தேங்காய்நார்த் தட்டையும் கரைசல் குழாயின் ஓட்டைகளையும் மூடியே ஆக வேண்டும். திறந்திருந்தால் பச்சைப்பாசி படியும், அதைத் தின்னச் சின்னக் கருப்பு ஈக்கள் வரும், அவை வேரழுகல் கிருமியைத் தூக்கித் திரியும். பாசி பிடித்த கூரைத்தாளைக் கழுவாமல் வளர்ச்சிக்கு விளக்கு வாங்குவது காசுக்குக் கேடு: 100 மைக்ரோமோல் விளக்கு 4 மணி நேரம் எரிந்து தருவது 1.44 மோல்தான். நல்ல வெயில் நாளில் வெளியே 30 மோலுக்கு மேல் கொட்டுகிறது.

அதே குடிலில் செவ்வந்தி வைத்திருந்தால் இடம் மாற்றுங்கள், இரவு ஒளியில் மொட்டு வைக்காது. கேமரன் மலையில் பூக்காமல் காம்பு நீள வேண்டுமென்றே இரவு விளக்குப் போடுகிறார்கள்.

கெட்டுப்போவது பெரும்பாலும் எல்இடி அல்ல, அதற்கு மின்சாரத்தைச் சீராக்கிக் கொடுக்கும் டிரைவர் பெட்டி. ஐபி65 (தூசியும் நீர்த்தெறிப்பும் புகாத தரம்) என்று எழுதியிருந்தாலும் இணைப்புப் பெட்டியில் வியர்த்த நீர் புகும், எறும்பு கூடு வைக்கும். டிரைவரைத் தனியே எடுத்துக் குடிலுக்கு வெளியே, நிழலில், தரையிலிருந்து உயர்த்தி மாட்டுங்கள். 30 மில்லியாம்பியர் கசிவுத் துண்டிப்பான் கட்டாயம். சாம்பல் நோய்க்கு (இது அடிச்சாம்பல் அல்ல, இலைமேல் வெள்ளைப் பொடி படியும் வேறு நோய்) கந்தகம் ஆவியாக்கும் பழக்கம் இருந்தால் விளக்குகளை முன்கூட்டியே கழற்றிவிடுங்கள். கந்தகம் எல்இடிக்குள் இருக்கும் வெள்ளிப் பூச்சைக் கருக்கும், ஒளி மெல்ல மங்கும். கண்ணுக்குச் சிவப்பாகவே தெரிவதால், மங்கியது அளவுமானி வைத்துப் பார்த்தால்தான் தெரியவரும்.