இடுப்பு வலி காலுக்கு இறங்குதுன்னா நெட்டி எடுக்கப் போகாதீங்க, நான் போய் மாட்டினேன்

தண்டையார்பேட்டை பக்கம் இருக்குறவங்க தயவுசெஞ்சு முழுசா படிங்க. எனக்கு மணலி பக்கம் கன்டெய்னர் யார்டுல வேலை, எண்ணூர் ஹைரோட்டுல லாரிக்கு நடுவுல தினமும் பைக். ஆடி மாசம் இடுப்புல புடிச்ச வலி பத்து நாள்ல இடது தொடை, கெண்டைக்கால் வழியா பெருவிரல் வரைக்கும் கரண்ட் மாதிரி இறங்கிடுச்சு, தும்முனா கூட உயிர் போகும். போன்ல ஒரு கைரோபிராக்டர் (முதுகெலும்பை கையால அழுத்தி முறுக்கி வைத்தியம் பண்றவர்) வீடியோ, டப்புனு சத்தம், பேஷன்ட் சிரிச்சுக்கிட்டே எழுந்து போறாரு. நம்பிட்டேன்.

அதே மாதிரி பண்ற ஒருத்தர்கிட்ட போனேன், மாடியில ஒரு ரூம். பத்து சிட்டிங் பேக்கேஜ் 12,000 ரூபா, முன்பணமா மொத்தமும் வாங்கிட்டாங்க, ரசீது கிடையாது. காலைத் தூக்கிப் பாக்கல, விரல்ல பலம் இருக்கான்னு பாக்கல, ஒண்ணுக்கு சரியா போகுதான்னு ஒரு வார்த்தை கேக்கல, "எலும்பு விலகியிருக்கு, உக்கார வெச்சிடலாம்"னு மட்டும் சொன்னாரு. மூணாவது சிட்டிங்ல ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு இடுப்பை ஒரு முறுக்கு முறுக்குனாரு பாருங்க, கத்திட்டேன். மறுநாள் காலைல நடந்தா இடது கால் செருப்பு தானா கழண்டு விழுது, பாதத்த மேல தூக்கவே முடியல. போன் பண்ணா, "கெட்டதெல்லாம் வெளிய வருது தம்பி, ரெண்டு நாள்ல சரியாகிடும், நாளைக்கு வா." இதைத்தான் என்னால மன்னிக்கவே முடியல.

என் வீட்டுக்காரிதான் அழுதுக்கிட்டே ஆட்டோ புடிச்சு ஸ்டான்லி கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போனா. அங்க டாக்டரம்மா முதல்ல குதிகால்ல நடக்கச் சொன்னாங்க, முடியல. பெருவிரலை மேல தூக்கச் சொல்லி அவங்க கையால அழுத்துனாங்க, உடனே இறங்கிடுச்சு. எம்ஆர்ஐல எல்4-எல்5 டிஸ்க் (இடுப்புப் பக்க முதுகெலும்புக்கு நடுவுல இருக்குற மெத்தை மாதிரி வட்டு) பிதுங்கி, காலுக்குப் போற எல்5 நரம்பு வேரை நசுக்குது. எலும்பு எதுவும் விலகல, அந்த டப்பு சத்தம் மூட்டுத் திரவத்துல உண்டாகுற காத்துக் குமிழி, அவ்ளோதானாம். முறுக்குனதாலதான் இப்படி ஆச்சான்னு கேட்டேன், உறுதியா சொல்ல முடியாது, ஆனா பாதத்துல பலம் இருக்கான்னு பாக்காம யாரும் இடுப்புல கை வெச்சிருக்கக் கூடாதுன்னாங்க. டிஸ்க் வலி நிறைய பேருக்கு சில வாரத்துல தானா குறையுமாம், ஆனா பலம் குறைஞ்சா வெயிட் பண்ணக் கூடாது. உக்கார்ற இடம் மரத்துப் போனாலோ, ஒண்ணுக்கு வராம அடைச்சுக்கிட்டாலோ ராத்திரியா இருந்தாலும் அப்பவே கேஷுவாலிட்டிக்கு ஓடணும்னு ரெண்டு தடவ சொன்னாங்க.

ஆபரேஷன் ஆச்சு. வலி போயிடுச்சு, பெருவிரல் இன்னும் பாதிதான் தூக்குது. மிச்ச ஏழு சிட்டிங் காசைக் கேட்டா பேக்கேஜ் ரீஃபண்ட் இல்லன்னு போனை கட் பண்றாங்க. கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன் 1915-க்கு புகார் குடுத்திருக்கேன், ஜிபே ஸ்கிரீன்ஷாட் மட்டும்தான் கையில இருக்கு. பணம் கட்டுனீங்கன்னா ரசீது வாங்காம அந்தப் படிய விட்டு இறங்காதீங்க.