கெப்புக்கு டிபரன்ஷியல் வாங்கப் போகிறவர்கள் பினியன் பல்லை எண்ணாமல் காசு கொடுக்காதீர்கள்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் பழைய ஹைலக்ஸ் கெப் வைத்து ஓடுகிறவர்கள் தயவுசெய்து இதை முழுதாக வாசியுங்கள். எனக்கு 135,000 ரூபாய் போனது, அதோடு ஒரு கிளச் பிளேட்டும் போனது. இன்னொருவருக்கும் இப்படி நடக்கக்கூடாது.

என்னுடையது டூ வீல் சிங்கிள் கெப், 2எல் என்ற மொடல் டீசல் என்ஜின். படுவான்கரையிலிருந்து நெல்லும், காலத்துக்கு வத்தகப்பழமும் ஏற்றுவேன், மாதத்தில் இரண்டு தரமாவது செங்கலடியால் மகாஓயா, பிபிலை தாண்டி பதுளை வரை போய்வரும். பெரும்போக அறுவடை நேரம் பார்த்து, என்ஜின் சுற்றைப் பின் சக்கரங்களுக்குக் கொடுக்கும் டிபரன்ஷியலில் பினியன் (கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரத்தைச் சுற்றும் சிறிய பல்சக்கரம்) பேரிங் உடைந்து பல்லும் தெறித்துவிட்டது. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025இல்தானே திரும்ப விட்டார்கள், அந்த ஐந்து வருசமும் எல்லோரும் பழசையே பிடித்து ஓட்டியதில் பழைய சாமானுக்கும் நல்ல கிராக்கி, கேட்டதைக் கொடுக்க வேண்டிய நிலைமை.

நான் வாங்கிய பழைய சாமான் கடையின் பெயரை எழுதவில்லை. உடைந்ததைக் கையோடு கொண்டுபோனேன். முதலாளி உள்ளேயிருந்து ஒன்றை எடுத்து வந்து பக்கத்தில் வைத்து, "தம்பி, எண்ணிப் பாருங்க, இதிலயும் 41, அதிலயும் 41, அச்சு அசல் ஒன்றுதான்" என்றார். கிரவுன் வீலை எண்ணினேன், 41 சரிதான். அங்கேதான் ஏமாந்தேன். என்னுடைய பழைய பினியனில் 9 பல், அவர் தந்ததில் 10. கிரவுன் பல்லைப் பினியன் பல்லால் பிரித்தால் வருவதுதான் ரேஷியோ, 41ஐ 9ஆல் பிரித்தால் 4.556, 10ஆல் பிரித்தால் 4.1. ரேஷியோ குறைந்தால் இழுவையும் குறையும். கிரவுனை மட்டும் எண்ணினால் இது ஒருநாளும் பிடிபடாது.

பல் முழுக்கக் கெட்டி கிரீஸ் அப்பி, வெளியில் சில்வர் பெயின்ட் அடித்து வைத்திருந்தார்கள். கழுவிப் பார்ப்போமா என்றதற்கு, செட் பண்ணி வைத்த சாமான், கழுவினால் செட்டிங் போய்விடும் என்றார். அது சுத்தப் பொய். செட்டிங் இருப்பது பேரிங் இறுக்கத்திலும், இடையில் வைக்கும் சிம் என்ற மெல்லிய தகட்டிலும், மண்ணெண்ணெயில் கழுவினால் அது எங்கேயும் போகாது. பழசைக் கொடுத்தால் 10,000 கழிக்கிறேன் என்றார், கொடுத்துவிட்டேன். அதையும் செய்திருக்கக்கூடாது, பிறகு ஒப்பிட என் கையில் மிஞ்சியது கழற்றிய அன்று போனில் எடுத்த படம் ஒன்றுதான்.

பூட்டி ஓடினால் ஊருக்குள் ஒன்றும் தெரியவில்லை. சமதரையில் என்ஜின் சத்தம் குறைந்த மாதிரிகூட இருந்தது, சந்தோசப்பட்டேன். ஒரு டன் ஏற்றிக்கொண்டு பிபிலை தாண்டி லுணுகலை ஏற்றத்தில் ஏறும்போதுதான் வாகனம் இழுக்கவே இல்லை, இரண்டாம் கியரில் போகும் இடமெல்லாம் முதல் கியர், கடைசியில் கிளச் எரிந்து நாறியது. இன்னொன்று, போனில் வேகம் பார்த்தால் 60, மீட்டரில் 54தான் காட்டுகிறது. மீட்டர் கேபிள் கியர்பொக்ஸிலிருந்து வருவதால் டிபரன்ஷியல் மாறினால் கணக்குப் பிழைக்கும். டிபரன்ஷியல் மாற்றிய பிறகு மீட்டர் குறைத்துக் காட்டினால் உடனே சந்தேகப்படுங்கள்.

வேறொரு பாஸிடம் (மெக்கானிக்கிடம்) கொண்டுபோய்த் திறந்தோம். ஓயிலில் இரும்புத்தூள் மினுங்கியது. நுண்ணிய ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் வைத்தால் பல்லுக்குள் ஆட்டம் 0.4 மில்லிமீட்டருக்கு மேல், 0.13இலிருந்து 0.18க்குள் இருக்க வேண்டிய இடம். பினியனிலும் கிரவுனிலும் பொறித்திருந்த சோடி நம்பரும் வேறு வேறு. அவை இரண்டும் ஒன்றாகத் தேய்த்துச் சோடி சேர்த்தவை, ஒன்றை ஒன்றோடு மாற்றிப் போட்டால் ஊளையிட்டு ஊளையிட்டுச் சாகும்.

கடையில் நின்றபடியே பார்க்க லேசான வழி இருக்கிறது. கிரவுனில் சோக்கால் ஒரு கோடு போட்டு, பினியன் பிளேஞ்சை (பினியனின் வெளி நுனியிலுள்ள தட்டை) கையால் சுற்றி, கோடு பழைய இடத்துக்கு வர எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். 4.556 என்றால் நாலரைச் சுற்றும் கொஞ்சமும், 4.1 என்றால் நாலுக்குச் சற்றுக் கூட. இரண்டு நிமிச வேலை, அதைத்தான் நான் செய்யவில்லை. பொனட்டுக்குள் இருக்கும் தகட்டில் எக்சல் கோட் இருக்கிறது, முதல் எழுத்து கிரவுனின் அளவு, அடுத்த இரண்டு இலக்கம் ரேஷியோ, கடைசி இலக்கம் டிபரன்ஷியலுக்கு உள்ளேயிருக்கும் வேறு சின்னப் பினியன்கள் எத்தனை என்பது. அதைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். ஃபோர் வீல்காரர் இன்னும் கவனம், முன்னும் பின்னும் ஒரே ரேஷியோ இல்லாமல் தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்டால் முன்னுக்கும் பின்னுக்கும் இழுவையைப் பிரிக்கும் ட்ரான்ஸ்பர் கேஸுக்கே ஆபத்து.

திரும்பக் கொண்டுபோனால், செக்கிங் வாரண்டி ஏழு நாள், முடிந்துவிட்டது என்றார்கள். பில் என்று தந்தது ஒரு துண்டுக் கடதாசி, அதில் "டிபரன்ஷியல் 1" என்று மட்டும். ரேஷியோவும் வாகன மொடலும் எழுதி, சீல் குத்தித் தரச் சொல்லிக் கேளுங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற நம்பரில் அழைத்துச் சொல்லியிருக்கிறேன், அந்தத் துண்டைத்தான் காட்ட வேண்டியிருக்கிறது.

வேறு இடத்தில் 41க்கு 9 எண்ணி எடுத்து, கழுவிப் பார்த்துப் பூட்டி இப்போது ஓடுகிறேன். ஏமாந்து வாங்கியது பாஸின் கராஜ் மூலையில் கிடக்கிறது. நல்ல விலைக்குத் தள்ளிவிடலாம் என்று ஒருவர் கேட்டார். யாருக்கும் கொடுக்க வேண்டாம், இரும்புக்குப் போடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.