பென் டிரைவைப் பிடுங்கும் முன்

வீட்டுக் கணினியில் 2018 முதல் டெபியன் லினக்ஸ் என்னும் இயங்குதளத்தை, எக்ஸ்எஃப்சிஇ என்னும் திரைச்சூழலுடன் பயன்படுத்தி வருகிறேன். முதல் ஆண்டிலேயே ஒரு பாடம் கிடைத்தது. வில்லங்கச் சான்றிதழின் பிடிஎஃப் கோப்பைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குச் சென்றேன். அங்கே திரையில் கோப்பின் பெயர் தெரிந்தது, அளவு மட்டும் பூஜ்யம் என்றிருந்தது. நகலெடுக்கும் கட்டளை முடிந்த பிறகே கழற்றியிருந்ததால், பழியை முதலில் பென் டிரைவின் மீதே போட்டேன்.

அந்நாளில் நான் பென் டிரைவை மவுண்ட் செய்வது (கணினியின் கோப்புறைகளோடு இணைப்பது), நகலெடுப்பது எல்லாவற்றையும், நிர்வாகி உரிமை தரும் சுடோ கட்டளையைக் கொடுத்தே செய்துவந்தேன். நகலெடுக்கும் கட்டளை முடிந்தது என்றால் தரவு கணினியின் நினைவகமான ரேமுக்குப் போய்ச் சேர்ந்தது என்றுதான் பொருள். லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் அதை டிரைவில் உடனே எழுதாமல், வழக்கமான அமைப்பில் ஏறத்தாழ 30 வினாடி வரை நினைவகத்திலேயே வைத்திருக்கக்கூடும். பெரிய கோப்பானால் காத்திருப்பு இன்னும் நீளும்: ஒரு ஜிபி தரவு பாக்கியிருந்து, பழைய பென் டிரைவ் வினாடிக்கு 5 எம்பி வேகத்தில்தான் எழுதும் என்றால், மூன்று நிமிடத்துக்கு மேல் பிடிக்கும். இந்தப் பாக்கியை /பிராக்/மெம்இன்ஃபோ கோப்பில் ‘டர்ட்டி’ என்னும் வரியில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதற்கு ரூட் (நிர்வாகி) உரிமை தேவையில்லை.

உண்மையில் சுடோவே தேவைப்பட்டிருக்கவில்லை. கணினியின் முன் அமர்ந்திருக்கும் சாதாரணப் பயனருக்காகவே யுடிஸ்க்ஸ்2 என்னும் சேவை பின்னணியில் இயங்குகிறது. கோப்பு மேலாளரில் பென் டிரைவைச் சொடுக்கினால் அதுவே மவுண்ட் செய்கிறது. ஃபேட் என்னும் கோப்பு முறையில் அமைந்த டிரைவாக இருந்தால் ‘ஃபிளஷ்’ என்னும் விருப்பத்தையும் சேர்த்து, தரவு விரைவில் எழுதப்படுமாறு பார்த்துக்கொள்கிறது. நான் கைப்பட மவுண்ட் செய்தபோது விடுபட்டது அதுதான். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலிலேயே வேலை செய்பவர்கள், டிரைவுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே மூலம் பெயரை உறுதிசெய்துகொண்டு, அதை அன்மவுண்ட் செய்ய (இறக்க) ‘யுடிஸ்க்ஸ்சிடிஎல் அன்மவுண்ட் -பி /டெவ்/எஸ்டிபி1’ (udisksctl unmount -b /dev/sdb1) என்று கொடுத்தால் போதும், கடவுச்சொல் கேட்காது. ஆனால் ஏற்றியவரே இறக்க வேண்டும்: சுடோ வழியாக மவுண்ட் செய்ததைச் சாதாரணப் பயனராக அன்மவுண்ட் செய்ய முயன்றால், நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்கும். மவுண்ட் விதிகளை எழுதிவைக்கும் எஃப்எஸ்டேப் கோப்பில் ‘யூசர்’, ‘யூசர்ஸ்’ என்ற இரு விருப்பங்களுக்கும் இடையே உள்ள வேறுபாடும் இதுவே. முன்னதில் மவுண்ட் செய்தவர் மட்டுமே அன்மவுண்ட் செய்யலாம், பின்னதில் எவரும் செய்யலாம்.

இத்தனை ஆண்டுகளில் என்னை மிகவும் சோதித்தது, அன்மவுண்ட் செய்யும்போது வரும் ‘டார்கெட் இஸ் பிஸி’ (டிரைவ் பயன்பாட்டில் உள்ளது) என்னும் பிழைச்செய்திதான். பெரும்பாலும் தவறு என்னுடையதாகவே இருந்தது: ஏதோ ஒரு டெர்மினல் அந்தப் பென் டிரைவின் கோப்புறைக்குள்ளேயே நின்றுகொண்டிருக்கும். ‘எஃப்யூசர் -விஎம்’ என்று மவுண்ட் செய்த இடத்தைக் குறிப்பிட்டுக் கேட்டால், எந்த நிரல் பிடித்துவைத்திருக்கிறது என்பது தெரிந்துவிடும். ‘அன்மவுண்ட் -எல்’ என்று வலிந்து இறக்கும் வழியை இணையத்தில் பலர் பரிந்துரைக்கிறார்கள். நான் அதை விரும்புவதில்லை, ஏனெனில் அது பெயரை மட்டும் உடனே மறைத்துவிட்டு, திறந்திருக்கும் கோப்புகளை அப்படியே விட்டுவைக்கிறது.

பாக்கித் தரவை எழுதச் சொல்லும் ‘சிங்க்’ கட்டளையை மட்டும் கொடுத்துவிட்டுக் கழற்றுவதையும் சில காலம் செய்துபார்த்தேன். தரவு எழுதப்பட்டுவிடும், ஆனால் முறையாக மூடப்படாததற்கான குறி டிரைவில் எஞ்சிவிடுவதால், அடுத்த முறை செருகும்போது சரிபார்க்கச் சொல்லிக் கர்னல் எச்சரிக்கும்.

சுழலும் வெளிப்புற ஹார்டு டிஸ்க்குகளுக்கு, டிஸ்க்கின் எல்லாப் பிரிவுகளையும் அன்மவுண்ட் செய்தபின் ‘பவர்-ஆஃப்’ கட்டளையையும் கொடுத்து, சுழற்சி நிற்கும் ஓசையைக் கேட்ட பிறகே கேபிளைத் தொடுகிறேன். மெமரி கார்டு ரீடரில் இதைச் செய்தால் ரீடர் முழுவதுமே மறைந்துவிடும், மீண்டும் செருகினால்தான் வரும்.

விண்டோஸ் பயன்படுத்தும் நண்பர்களுக்கு இவையெல்லாம் வீண் வேலையாகத் தோன்றுகின்றன. விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து ‘குயிக் ரிமூவல்’ (உடனே கழற்ற இடம்தரும் அமைப்பு) இயல்பாகவே இருப்பதால் அவர்கள் அப்படியே பிடுங்கிப் பழகிவிட்டார்கள். அதே கையோடு என் கணினிக்கு வரும்போது, யுஎஸ்பி துளையின் பக்கம் நான்தான் நிற்க வேண்டியிருக்கிறது.