ஆறு வருடம் பாவித்த ஸ்பெக்ட்ரோ பற்றி

கிளிநொச்சியில் மசாலாத்தூள் அரைத்துப் பொதி செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஆய்வுகூடம் என் பொறுப்பில் இருக்கிறது. 2019 தொடக்கத்தில் யூவி-விசிபிள் ஸ்பெக்ட்ரோ ஒன்று வாங்கினோம், கரைசலுக்குள் ஒளியை விட்டு அது எவ்வளவை உறிஞ்சுகிறது என்று அளக்கும் மெஷின். இரட்டைக்கற்றை, 190 முதல் 1100 நானோமீற்றர் வரையான அலைநீளங்களில் அளக்கும். அன்றிலிருந்து ஞாயிறும் பெருநாட்களும் தவிர அது ஓடாத நாள் குறைவு. இப்போது பரந்தன், மாங்குளம் பக்கம் தொழில் தொடங்க நினைக்கிறவர்கள் சிலர் என்னிடம் எந்த மெஷின் வாங்கலாம் என்று கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

எங்களுக்கு இதன் முதல் வேலை மிளகாய்த்தூளின் நிறத்தை அளப்பது. வெளிநாட்டுக்காரர் வாங்கும்போது சிவப்பாக இருக்கிறது என்று சொன்னால் போதாது, அஸ்டா எண் கேட்பார்கள், அமெரிக்க மசாலா வணிகச் சங்கத்தின் முறைப்படி நிறத்துக்குக் கொடுக்கும் எண் அது. தூளில் 0.1 கிராம் நிறுத்து, 100 மில்லிலீற்றர் கனமானக் குடுவையில் போட்டு, கோடு வரை அசற்றோன் விட்டு, இறுக்க மூடி, இருட்டில் 16 மணித்தியாலம் வைக்க வேண்டும். மறுநாள் 460 நானோமீற்றரில் வாசித்து, வரும் அப்சோபன்ஸை, அதாவது ஒளி உறிஞ்சப்பட்ட அளவை, 16.4 ஆல் பெருக்கி நிறையால் பிரித்தால் எண் வந்துவிடும். அப்சோபன்ஸ் 0.6 என்றால் அஸ்டா 98. மெஷினுக்கென்று ஒரு திருத்தக் காரணி உண்டு, எங்களுடையது 1க்குக் கிட்டத்தான். இரண்டாவது வேலை மிளகாய் கழுவும் கிணற்றுத் தண்ணீரில் நைத்திரேற்று பார்ப்பது. அதை 220இல் வாசித்து, சேதனப் பொருட்களால் வரும் பிழையைக் கழிக்க 275இலும் ஒருமுறை வாசிக்க வேண்டும்.

மெஷினைப் பற்றிச் சொன்னால், நல்ல மெஷின். ஹோல்மியம் வடிகட்டி, அதாவது தெரிந்த அலைநீளங்களில் ஒளியை உறிஞ்சும் கண்ணாடி, வைத்து மாதாமாதம் அலைநீளம் சரிபார்க்கிறேன், 361க்குக் கிட்ட வரும் உச்சி இத்தனை வருடத்தில் அசைந்ததே இல்லை. மூடியின் பிணைச்சல் மட்டும் மூன்றாம் வருடம் தளர்ந்தது. உள்ளே எறும்பு போகாமல் மேசைக் கால்களுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைத்திருக்கிறோம். யூபிஎஸ் இல்லாமல் மட்டும் வாங்க வேண்டாம், வோல்டேஜ் கூடிக் குறையும் இடம் இது.

விளக்கு விஷயத்தை முதலிலேயே தெரிந்துகொண்டு இறங்குங்கள். உள்ளே இரண்டு விளக்கு. கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு டங்ஸ்டன், அது மலிவு. யூவிக்கு டியூட்டீரியம், அது விலை கூட, ஆயிரம் இரண்டாயிரம் மணித்தியாலத்தில் தேய்ந்துவிடும், அதோடு ஒவ்வொரு தடவை அணைத்து ஏற்றும்போதும் அதன் ஆயுள் குறையும். 2022இல் கரண்ட் எப்போது வரும் எப்போது போகும் என்று தெரியாமல் இருந்தோமே, மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் வெட்டினார்களே, அந்த நாட்களில்தான் எங்கள் டியூட்டீரியம் விளக்கு போனது. டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறிய நேரம் அது. புது விளக்கு வர ஐந்து மாதம் பிடித்தது. மெஷின் ஒவ்வொரு காலையும் தன்னைத் தானே சோதிக்கும்போது அந்த விளக்கில் பிழை காட்டி நின்றுவிடும். சேவைக்காரரைக் கேட்டால், விளக்கு போடாமல் வேலை செய்யாது, கொழும்பிலிருந்து ஆள் வரவேண்டும் என்றார்கள். 300 கிலோமீற்றருக்கு மேல் தூரம், டீசலும் இல்லை.

அப்போது எங்களிடம் பயிற்சிக்கு வந்திருந்த பிள்ளை ஒருத்தி, விசுவமடுக்காரி, உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு படித்தவள், பாவனைக் கைநூலை இரண்டு நாள் வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்தாள். மூன்றாம் நாள் வந்து, “அக்கா, யூவி விளக்கை மெனுவிலேயே நிறுத்தி வைக்கலாம். எங்களுக்கு 460 தானே வேணும், அதுக்கு டங்ஸ்டன் காணும்” என்றாள். அவள் சொன்னபடியே செய்தோம், மெஷின் ஓடியது. அந்த ஐந்து மாதமும் நைத்திரேற்றை மட்டும் வெளியே அனுப்பிப் பார்த்தோம், மிளகாய் வேலை ஒரு நாளும் நிற்கவில்லை.

இதே பிள்ளை வந்த முதல் கிழமை என்ன செய்தாள் தெரியுமா? அசற்றோன் கரைசலைப் பிளாஸ்டிக் குவெட்டில் ஊற்றிவிட்டாள். குவெட் என்பது மெஷினுக்குள் கரைசலை வைக்கும் சின்னச் சதுரப் பாத்திரம். ஊற்றிக் கொஞ்ச நேரத்தில் சுவர் பால் மாதிரி வெளுத்து, விரலில் ஒட்டுகிற அளவுக்கு இளகிவிட்டது. தண்ணீருக்குப் பாவிக்கும் அந்த மலிவுக் குவெட் பொலிஸ்டைரின், அதை அசற்றோன் கரைத்துவிடும், கண்ணாடி அல்லது குவார்ட்ஸ்தான் எடுக்க வேண்டும். அவளில் பிழை சொல்ல மாட்டேன். பள்ளிக்கூடத்தில் ஸ்பெக்ட்ரோவைப் படத்தில் பார்த்திருந்தாள், குவெட்டைக் கையால் பிடித்ததே இல்லை. தெளிவான பக்கத்தைத் தொடாமல் சொரசொரப்பான பக்கத்தைப் பிடிக்கப் பழகவே ஒரு மாதம் போகும். எனக்கும் அவ்வளவு போனது.

பழக்கிவிட ஆள் இருந்ததால்தான் நாங்கள் தப்பினோம். அப்பாவின் கூட்டாளி ஒருவர், நான் மாமா என்று கூப்பிடுவேன், இளவயதில் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை ஆய்வுகூடத்தில் வேலை செய்தவர். ஆனையிறவு உப்பிலிருந்து கோஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுத்த இடம் அது. எண்பதுகளில் சண்டையோடு நின்றது. அங்கே வேலை பழகியவர்கள் பழக்கிவிட்டிருக்க வேண்டிய ஒரு தலைமுறை முழுக்க எங்களுக்கு இல்லாமல் போய்விட்டது, இதை நினைக்கும்போது எனக்கு இன்றைக்கும் நெஞ்சு கனக்கும். மாமா ஸ்பெக்ட்ரோவைத் தொடவில்லை, தனக்குத் தெரிந்தது அளவியும் குழாயியும்தான் என்றார். ஆனால் எங்கள் பதிவுக் கொப்பியை வாங்கிப் பார்த்துவிட்டு, அறை வெப்பநிலைக்கு ஒரு நிரல் போடு, விளக்கு மணித்தியாலத்துக்கு ஒரு நிரல் போடு, யார் கோடு வரை நிரப்பினது என்று பெயர் எழுது என்றார். அவர் சொன்னபடி போட்டோம்.

அதன் பெறுமதி 2023 சித்திரையில் தெரிந்தது. வாங்குபவரின் ஆய்வுகூடம் எங்களுடைய எண்ணைவிட நூற்றுக்கு நாலைந்து குறைவாகக் காட்டிக்கொண்டே இருந்தது. நான் விளக்கைச் சந்தேகப்பட்டேன், தராசைச் சந்தேகப்பட்டேன், ஹோல்மியம் இரண்டு தரம் ஓட்டினேன், எல்லாம் சரி. ஒரு காலை அந்தப் பிள்ளை அலுமாரியைத் திறந்து குடுவைகளை வெளியே எடுக்காமல் அப்படியே குனிந்து பார்த்துக்கொண்டு நின்றாள். “அக்கா, கோட்டுக்குக் கீழ நிக்குது.” கழுத்தில் இரண்டு விரல் அகலம் இறங்கியிருந்தது. அசற்றோன் சூட்டுக்கு விரியும், உண்மையில் கோட்டுக்கு மேலேதான் நின்றிருக்க வேண்டும். இரவில் ஏசியை நிறுத்திவிட்டுப் போகிறோம், அறை 36 பாகை வரை ஏறுகிறது, அசற்றோன் கொதிப்பதே 56இல், மூடி கொஞ்சம் தளர்ந்தால் ஆவியாகிவிடும். கரைசல் செறிவாகிறது, எண் கூடுகிறது. மெஷின் தனக்குக் கொடுத்த கரைசலைச் சரியாகத்தான் அளந்திருக்கிறது.

கொப்பியைப் புரட்டினோம். வெப்பநிலை நிரல் இருந்ததால் எந்தெந்தத் தொகுதி பாதிக்கப்பட்டது என்று அரை நாளில் பிரித்தெடுத்து, பதினொரு தொகுதியைத் திரும்பச் செய்து, வாங்குபவருக்கு உள்ளதை உள்ளபடி எழுதினோம். அவர்கள் ஓடரை வெட்டவில்லை. இப்போது குடுவைகளைத் தண்ணீர்த் தொட்டியில் 25 பாகையில் வைக்கிறோம், மூடிக்கு மேல் பராபிலிம் என்ற இழுபடும் மெழுகுத்தாள் சுற்றுகிறோம்.

மெஷின் வாங்கக் கடன் எடுக்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: அதே கணக்கில் ஒரு ஆளின் இரண்டு வருடச் சம்பளத்தையும் சேர்த்துக் கேளுங்கள். அறிவியல்நகரில் பொறியியல் பீடம் இருக்கிறது, 2016இல் திறந்த இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவகம் இருக்கிறது, கெட்டிக்காரப் பிள்ளைகள் வருகிறார்கள். ஆனால் ஆறு மாதப் பயிற்சிக் கொடுப்பனவோடு நிறுத்தினால் குவெட் பிடிக்கப் பழகும் நேரத்தில் போய்விடுவார்கள். கொழும்புக்கோ கட்டாருக்கோ போகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், வீட்டில் கடன் இருக்கிறது. விசுவமடுப் பிள்ளையும் போன வருடம் நல்ல சம்பளத்துக்கு மேல்மாகாணத்தில் ஒரு ஆய்வுகூடத்துக்குப் போனாள். முதலாளியிடம் அவளுக்காக இரண்டு தரம் கேட்டேன், கிடைக்கவில்லை. அவள் கையெழுத்தில் இருக்கும் கொப்பியைப் பார்த்துத்தான் இப்போது வந்த இரண்டு பேரும் பழகுகிறார்கள். முதல் மாதம் அவர்களை மெஷினில் விடுவதில்லை. குடுவையைக் கோடு வரை நிரப்புவது, மறுநாள் காலை குனிந்து மட்டம் பார்ப்பது, எழுதுவது.

இரண்டாவது டியூட்டீரியம் விளக்கு இன்று காலை 1140 மணித்தியாலம் காட்டியது. மூன்றாவதுக்கு ஓடர் போட்டுவிட்டேன்.